பத்தொன்பதாவது மைல்

“இறங்காதே பழனிவேலு! கம்பத்துலயே இரு!”

அப்துல் முத்தலிப் கத்திய கத்தலில் கண்ணாடிக் கதவே ஒரு தடவை அதிர்ந்தது. ஹெட்போனை இடது கையால் காதோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மேஜையின் பித்தளை ஸ்விட்ச் சாவிகள் இரண்டை ஒரே தட்டில் கீழே தள்ளினார். சுவர்க் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது. நாலு மணிக்கு எஞ்சினீயர் வைத்திலிங்கம் வந்துவிடுவார்.

“எதுக்கு பாய்? அதான் இங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேனே!” காற்று இரைச்சலுக்கு நடுவே பழனிவேலின் குரல் வந்தது. கடலூரிலிருந்து பத்தொன்பது மைல் தள்ளி, பரங்கிப்பேட்டை ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், ரயில் பாதையை ஒட்டிய ஐந்நூற்று எழுபதாம் கம்பத்தின் உச்சியில், கைப்போனைக் கம்பியில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தான் அவன்.

“ஒண்ணுமில்லாத இடத்துலதான் இப்ப வேலை. மொத ஜோடி ரெண்டு கம்பியையும் ஒரு துண்டு வயரால சேர்த்து முறுக்கு. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே.”

“நல்லா இருக்கற லைனை ஷார்ட் பண்ணச் சொல்றீங்களா?”

“ஆமா.”

“ஏன் பாய், அங்க வெயில் ரொம்ப ஜாஸ்தியோ?”

“முறுக்குடான்னா!”

முத்தலிப் உட்கார்ந்திருந்த அறைக்குப் பெயர் டெஸ்ட் ரூம். கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மாடியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி. விழுப்புரம், பாண்டிச்சேரி, விருத்தாசலம், சிதம்பரம் என்று நாலு திசைக்கும் போகிற டிரங்க் லைன்கள் அத்தனையும் அந்த அறையில் இருந்த ஒரே மேஜைக்குள் புகுந்துதான் வெளியே போயின. அரை மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு லைனையும் தட்டிப் பார்த்து, லாக் புத்தகத்தில் ‘சரி’ என்று எழுத வேண்டும். சரியில்லை என்றால் அளக்க வேண்டும். வடலூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே ஒரு பீங்கான் குமிழ் விரிசல் விட்டால், அங்கே மாடு மேய்ப்பவனுக்குத் தெரிவதற்கு முன்னால் இந்த நாற்காலிக்குத் தெரிந்துவிடும். ‘இத்தனையாவது மைல், இத்தனையாவது கம்பம்’ என்று இங்கிருந்து சொன்னால், லைன்மேன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவான். இதுதான் நடைமுறை. நாற்காலி சொல்லும், சைக்கிள் போகும்.

பதினோரு வருஷத்தில் முத்தலிப்பின் கணக்கு இரண்டு கம்பத்துக்கு மேல் தவறியதில்லை.

அந்தக் கணக்குதான் இன்றைக்குப் பழனிவேலின் கழுத்தைப் பிடித்திருந்தது.

பதினைந்து நாளில் ஐந்து தடவை. சிதம்பரம் லைனின் முதல் ஜோடி பிற்பகல் மூன்று மணிவாக்கில் செத்துப்போகும். இரண்டு கம்பிகளும் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது அளவிலேயே தெரிந்தது. ஐந்து தடவையும் முள் காட்டியது நூற்று எழுபத்தொரு ஓம் மின்தடை. செப்புக் கம்பிக்குப் போகவர மைலுக்கு ஒன்பது ஓம். வகுத்தால் பத்தொன்பது மைல். பழனிவேலை அனுப்பினார். அவன் போவான்; போய்ச் சேர்வதற்குள் லைன் தானாக உயிர் பெற்றுவிடும். ‘பத்தொன்பதாவது மைலில் பழுது எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதுவான். ஐந்து ரிப்போர்ட்டும் ஒரே வரி.

வைத்திலிங்கத்துக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. “அவன் போறதே இல்ல முத்தலிப்! எங்கயாவது டீக்கடையில உக்காந்துடறான். காத்து அடங்கினா லைன் சரியாயிடுது. இவன் ஒண்ணுமில்லைன்னு எழுதிடறான். உங்க கணக்கு பொய் சொல்லுமா?”

டெஸ்ட் டெஸ்க்கின் கணக்கு பொய் சொல்லாது என்று முத்தலிப்பும் நம்பினார். ஆனால் இன்று காலை டைப் அடித்து வந்த டிஸ்மிஸ் ஆர்டரை ஹெட்கிளார்க் மேஜையில் பார்த்தபோது, அதில் தன் பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. ‘அப்துல் முத்தலிப் அவர்களின் அளவுப்படி’, ‘அப்துல் முத்தலிப் அவர்களின் அளவுப்படி’. பழனிவேலுக்கு ஆறு வருஷத் தற்காலிக சர்வீஸ். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவன். நாலு மணிக்கு வைத்திலிங்கத்தின் கையெழுத்து விழுந்தால் அதோடு சரி.

முத்தலிப்பைக் குடைந்தது ஒரு சின்ன விஷயம். போகாமல் ஏமாற்றுகிற லைன்மேன் எவனும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுத மாட்டான். காக்காய்க் கூட்டைக் கலைத்தேன், பனை மட்டையை அறுத்தேன், பட்டத்து நூலை எடுத்தேன் என்று ரெடிமேடாகப் பத்துப் பொய் லைன்மேன்களின் சட்டைப் பையிலேயே இருக்கும். அதில் ஒன்றை எடுத்து எழுதியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. இவன் ஐந்து தடவையும் அசட்டுத்தனமாக ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறான். பொய்யனுக்கு இதைவிட நன்றாகப் பொய் சொல்லத் தெரியும்.

ஆகவே முத்தலிப் இன்றைக்குப் பதினோரு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்தார். நோய் இல்லாத லைனை அளப்பது. லைன் கெட்டால்தான் அளப்பார்கள். நன்றாக இருக்கிற லைனை யார் அளப்பார்கள்?

“முறுக்கிட்டேன் பாய்.”

முத்தலிப் பிரிட்ஜ் என்ற அளவுக் கருவியின் குமிழ்களைத் திருகினார். முள் துடித்து, நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. அளவைப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

நூற்று எண்பத்தாறு.

பத்தொன்பதாவது மைலில் நூற்று எழுபத்தொன்றுதான் வர வேண்டும். பதினைந்து அதிகம். மேஜைக் கருவியே கெட்டுவிட்டதோ? பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் நூறு ஓம் சுருளை மாட்டிப் பார்த்தார். மயிரிழை பிசகாமல் நூறு காட்டியது.

“அவுத்துட்டு இறங்கு. ஒரு மைல் பின்னால வா, கடலூர் பக்கமா. ஐநூத்தி நாப்பதாம் கம்பம்.”

“பின்னாலயா?” பழனிவேல் தயங்கினான். “முன்னால வேணா போறேனே பாய், கிள்ளை வரைக்கும்.”

“நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?”

இணைப்பு அறுந்தது. உடனே வேறொரு குரல் உள்ளே புகுந்தது. சிதம்பரம் எக்ஸ்சேஞ்ச் ராமாமிர்தம். பதினோரு வருஷமாக அரை மணிக்கொரு தரம் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்; நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே தடவை.

“என்ன மச்சான், மொத ஜோடியை நீ வெச்சிக்கிட்டு அளக்கறே, ரெண்டாவது ஜோடியில அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கே. நான் எதுல பேசறது? பன்னெண்டு டிரங்க் கால் நிக்குது இங்க. ஒரு மண்டிக்காரரு கவுண்டர்ல ஏறி உள்ள குதிக்காத குறை.”

“ஒரு மணி நேரம் குடு.”

“ஒரு மணி நேரமா! தென்னாற்காடு ஜில்லாவுலேருந்து சிதம்பரத்தைத் தள்ளி வெச்சிட்டியா?”

“பழனிவேலுக்கு நாலு மணிக்குச் சீட்டு கிழியுது ராமாமிர்தம். என் கணக்குல கிழியுது.”

“எடுத்துக்க” என்றார் ராமாமிர்தம். “மண்டிக்காரருக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துடறேன்.”

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்நூற்று நாற்பதாம் கம்பத்திலிருந்து மணி வந்தது. பதினெட்டாவது மைல். நூற்று அறுபத்திரண்டு இருக்க வேண்டும். நூற்று எழுபத்தேழு இருந்தது. மறுபடியும் அதே பதினைந்து அதிகம். அந்தப் பதினைந்து ஓம் இன்னும் கடலூர் பக்கத்தில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது.

“இன்னும் பின்னால வா. ஐநூத்திப் பத்து.”

“அங்க வேணாம் பாய். பாதை சரியில்ல. ஒரே சேறு.”

“ஆகஸ்ட் மாசத்துல ஏதுடா சேறு?”

மறுபடி இணைப்பு அறுந்தது.

முத்தலிப் காத்திருந்தார். கீழே ஆபரேட்டர் பெண்கள் ‘சிதம்பரம் லைன் பிஸி, சிதம்பரம் லைன் பிஸி’ என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது மாடி வரை கேட்டது. இன்னும் அரை மணி இப்படியே போனால் வைத்திலிங்கத்தின் கையெழுத்து தன் பெயர் மேலும் விழும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, கம்ப எண்களைக் குறித்தார்.

மூன்றே கால். ஐந்நூற்றுப் பத்து. பதினேழாவது மைல். நூற்று ஐம்பத்து மூன்று இருக்க வேண்டும்.

நூற்று ஐம்பத்து மூன்றே இருந்தது.

முத்தலிப் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஐந்நூற்றுப் பத்து வரை சுத்தம். ஐந்நூற்று நாற்பதில் அழுக்கு. நடுவில் முப்பது கம்பம்.

“மேல போ. ஐநூத்தி இருவது.”

“பாய்.” பழனிவேலின் குரல் தணிந்திருந்தது. “விட்டுடுங்களேன். நாலு மணிக்குக் கையெழுத்து ஆவட்டும். வடலூர்ல மாமனாருக்கு ரெண்டு காணி இருக்கு. கத்திரிக்கா போட்டுப் பொழச்சிக்கறேன்.”

“உன் கத்திரிக்காயை நான் தின்னாச்சு. ஏறு.”

ஏறினான். முறுக்கினான். முத்தலிப் குமிழைத் திருகினார். முள் வந்து நின்ற இடத்தைக் குனிந்து இரண்டு தடவை பார்த்தார்.

நூற்று எழுபத்தொன்று.

பதினைந்து நாளாக, ஐந்து தடவையும், லைன் செத்தபோதெல்லாம் காட்டிய அதே எண். பத்தொன்பதாவது மைல் என்று அவர் அடித்துச் சொன்ன பழுது, உண்மையில் ஐந்நூற்று இருபதாம் கம்பத்தில், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல் முன்னாலேயே இருந்திருக்கிறது. அவர் அவனைக் காலியான இடத்துக்கு ஐந்து தடவை அனுப்பியிருக்கிறார். அவனும் போய், காலி என்று எழுதியிருக்கிறான்.

“பழனிவேலு. உன் கைக்குப் பக்கத்துல ஓடறது என்ன கம்பி?”

கம்பத்தை ஒட்டி ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போயிற்று.

“இரும்பு, பாய்.”

“எத்தனை கம்பத்துக்கு?”

“ஐநூத்திப் பத்துலேருந்து இருவது வரைக்கும். ரெண்டு கம்பியும்.”

முத்தலிப் கண்ணை மூடிக்கொண்டார். செப்பில் ஒரு கம்ப தூரத்துக்கு இருக்கும் தடை இரும்பில் ஆறு மடங்கு இருக்கும். பத்து கம்ப இரும்பு, மேஜையின் கண்ணுக்கு அறுபது கம்பச் செப்பாகத்தான் தெரியும். அது லைன்மேனுக்குத் தெரிய நியாயமில்லை. அவனுக்குக் கம்பி என்றால் கம்பி, பேச்சு போனால் சரி. அங்கே செப்பு இல்லை என்பது முத்தலிப்புக்குத் தெரிய வழியில்லை. அவருக்கு லைன் என்றால் ரெஜிஸ்டரில் இருக்கிற எண். ஓம் தெரிந்தவன் கம்பியைப் பார்த்ததில்லை. கம்பியைப் பார்த்தவனுக்கு ஓம் தெரியாது.

“செம்பு எங்க?”

“திருட்டுப் போச்சு. அறுத்துக்கினு போயிட்டானுங்க. புதுச்சத்திரம் ஷெட்ல பழைய இரும்புக் கம்பி கெடந்துச்சு, அதைக் கட்டினேன். அவசரத்துல இழுத்துக் கட்ட முடியல, தொங்கலாப் போச்சு. இந்த மாசம் கடல் காத்து எழும்பினா ரெண்டும் ஆடி பின்னிக்குது. லைன் போச்சுன்னு நீங்க சொன்னதும் மொதல்ல இங்க வந்து மூங்கிலால பிரிச்சுட்டு, அப்புறம் நீங்க சொன்ன கம்பத்துக்குப் போவேன். அங்க ஒண்ணும் இருக்காது. ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன். பொய் எழுதல பாய்.”

“திருட்டுப் போனா ரிப்போர்ட் எழுதணும்டா! எழுதியிருந்தா செம்பு குடுத்திருப்பாங்களே. ஏன் எழுதல?”

“செம்பு திருட்டுப் போச்சுன்னா சொன்னான்?”

முத்தலிப் திரும்பினார். வாசலில் வைத்திலிங்கம் நின்றிருந்தார். கையில் மடித்த ஆர்டர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. நாலு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது; சிதம்பரத்துக்கு ஒரு கால் கூடப் போகவில்லை என்று கீழே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

முத்தலிப் எல்லாவற்றையும் சொன்னார். காகிதத்தைக் காட்டினார். நூற்று எண்பத்தாறு, நூற்று எழுபத்தேழு, நூற்று ஐம்பத்து மூன்று, நூற்று எழுபத்தொன்று. வைத்திலிங்கம் முட்டாள் இல்லை. இரண்டு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். அதுதான் வினையாயிற்று.

“பிரமாதம் முத்தலிப். ஆக, பழுது எங்கன்னு தெரிஞ்சுடுச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். செம்பை எவனோ அறுத்தான்கறான். அறுத்தா லைன் செத்திருக்கணுமா வேண்டாமா?”

“சாகணும் சார்.”

“எத்தனை நேரம் செத்திருக்கும்? இவன் வந்து, இரும்பு தேடி, பத்து கம்பம் ஏறி இறங்கிக் கட்டறதுக்கு?”

“ரெண்டு மணி நேரமாவது...”

“லாக்கை எடுங்க. இந்தப் பதினைஞ்சு நாளை விட்டுட்டு, ஒண்ணரை வருஷத்துக்குப் பாருங்க. மொத ஜோடி ரெண்டு மணி நேரம் செத்ததா எங்கயாவது இருக்கா?”

முத்தலிப் எடுக்கவில்லை. அப்படி ஒரு பதிவு இல்லை என்பது அவருக்கு மனப்பாடம்.

“இல்லை இல்லே? அரை மணிக்கொரு தரம் சரி, சரி, சரி. அப்ப என்ன அர்த்தம்? இரும்பை முதல்ல பக்கத்துலயே கட்டி, லைனைச் சாக விடாம மாத்திட்டு, அப்புறம் செம்பை உருவியிருக்கான். அந்த வேலை திருடனுக்குத் தெரியாது முத்தலிப். லைன்மேனுக்குத்தான் தெரியும்.” வைத்திலிங்கம் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். “இது வெறும் டிஸ்மிஸ் இல்ல. ரெண்டு கம்பியும் சேர்த்து முக்கால் மைல் செம்பு. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கால் போடச் சொல்லுங்க.”

வேலையைக் காப்பாற்றக் கிளம்பி, ஆளை ஜெயில் வாசல் வரை கொண்டுவந்து விட்டாயிற்று. முத்தலிப்பின் விரல் சாவி மேல் நின்றது.

“ஒரே நிமிஷம் சார். தேதி கேட்டுடறேன்.” ஹெட்போனை இறுக்கினார். “பழனிவேலு, அறுத்தது என்னைக்கு?”

“சார் வந்துட்டாரா பாய்?”

“பக்கத்துலதான் நிக்கறாரு.”

“அப்ப எனக்கு ஞாபகம் இல்ல.”

“டேய், போலீசுக்குச் சொல்லப் போறாரு. நீயே உருவி வித்துட்டேங்கறாரு. தேதியைச் சொல்லு!”

“சொல்லட்டும். ரெண்டு அடி வாங்கினா தாங்குவேன். உங்களுக்கு நாலு பொம்பளைப் புள்ளைங்க பாய்.”

முத்தலிப்புக்கு விளங்கவில்லை. “என் புள்ளைங்களுக்கும் இதுக்கும் என்னடா?”

பதில் சொன்னது ராமாமிர்தம். இத்தனை நேரமும் சிதம்பரத்தில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

“அவன் சொல்ல மாட்டான் மச்சான். அன்னைக்கே எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். மார்ச் பதினாறு, புதன்கிழமை. பகல் ஒரு மணிக்குப் போச்சு, மூணுக்கு வந்துது. நான் ரெண்டாவது ஜோடியிலேயே ஓட்டிக்கிட்டேன். நீ சாப்பிடப் போயிருப்பேன்னு நெனச்சேன்.”

“நாலு தடவை மணி அடிச்சேன் பாய்” என்றான் பழனிவேல், ஏதோ தன் மேல் தப்பு என்பதுபோல. “நீங்க எடுக்கல. அப்புறம் சாயங்காலம் நான் ஆபீசுக்கு வந்தப்ப லாக்கைப் பார்த்தேன். ரிப்போர்ட்டைக் கிழிச்சிட்டேன்.”

முத்தலிப் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அலமாரியிலிருந்து மார்ச் மாத லாக்கை உருவினார். பதினாறாம் தேதிப் பக்கம். ஒரு மணி, சரி. ஒன்றரை, சரி. இரண்டு, சரி. இரண்டரை, சரி. நாலும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியவை. அவருடைய கையெழுத்து.

“என்ன, தேதி சொன்னானா?” என்றார் வைத்திலிங்கம்.

முத்தலிப் புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“அவன் திருடல சார். என் சம்சாரத்தோட தம்பி அப்துல் வதூது அன்னைக்குத்தான் பினாங்கு கப்பலுக்குக் கிளம்பினான். ரயிலேத்தி விட நான் ஓல்ட் டவுன் ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். இந்த நாலு சரியையும் முன்னாலயே எழுதி வெச்சிட்டுத்தான் போனேன். ஒரு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் இந்த நாற்காலியில யாருமே இல்ல.”